பெண் கொடுத்துப் பெண் எடுத்தது

காலை ஒன்பது, இரவு ஒன்பது.
அலாரம் அடித்தால் மாத்திரை.
நடுவே உலகம் கவிழ்ந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இருபத்திரண்டு வருஷம் பெஸ்ட் பஸ்ஸில் கண்டக்டர் நான்.
டிக்கெட் எடுக்காதவனை
முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
என் ரத்தத்திலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு என்றார் டாக்டர்.
நம்ம ஆள் யார், அசலூர் யார் என்று
தடவித் தடவிப் பார்க்கிற கூட்டம்.
அவர்களைத் தூங்கவைக்கத்தான் இந்த மாத்திரை.
முழுசாய்த் தூங்கிவிட்டால்
சாதாரணச் சளிகூட ஏறி சீட் பிடித்துக்கொள்ளும்.
முழுசாய் விழித்துக்கொண்டால்
சுலபா ஷிர்கேயின் சிறுநீரகத்தைக்
கழுத்தைப் பிடித்து இறக்கிவிடுவார்கள்.
அரைத்தூக்கம் வேண்டும்.
அதற்கு ஓர் எண் இருக்கிறது.
மாதம் ஒருமுறை பரேலில் குத்திப் பார்க்கிறார்கள்.

கூட்டம் ஆகாது என்று வடாலா டிப்போவில்
ஜன்னலோர மேஜை கொடுத்தார்கள்.
புறா எச்சமும் ஆகாது. ஜன்னலை மூடிவிட்டேன்.
மும்பையில் புறாவுக்குப் பயந்தவன் நான் ஒருத்தன்.

கனகபுஷ்பத்தின் ரத்தம் எனக்குச் சேரவில்லை.
சுலபாவின் ரத்தம் அவள் புருஷனுக்குச் சேரவில்லை.
குறுக்கே மாற்றினால் சேர்ந்தது.
நாலு மேஜை, ஒரே காலை, ஒரே நேரத்தில் கத்தி.
வாங்கிக்கொண்டபின் யாருக்கும் மனசு மாறிவிடக் கூடாதாம்.
எங்கள் நாசரேத் பக்கம் இதற்குப் பெயர்
பெண் கொடுத்துப் பெண் எடுப்பது.

ஆஸ்பத்திரி வரிசையில் ஷிர்கேயைப் பார்த்துவிட்டு வந்தால்
கனகபுஷ்பம் முதலில் கேட்பாள்:
"அங்க எப்படி இருக்காம்?"
கல்வாவில் கட்டிக்கொடுத்த மகளைக் கேட்பதுபோல.
நல்லா இருக்காம், ஒன்று புள்ளி மூணாம்.
உலை வைக்கப் போய்விடுவாள்.

ஜூலை மழையில் அவர்கள் சாலுக்குள் தண்ணீர்.
மாத்திரை நனைந்ததா, வாந்தியில் போனதா,
எந்த வேளை தவறியது, யாருக்கும் தெரியாது.
இரண்டு. இரண்டு புள்ளி ஆறு. மூன்று புள்ளி எட்டு.
உள்ளே செக்கிங் எழுந்துவிட்டது.
திங்கள் புதன் வெள்ளி, மறுபடி டயாலிசிஸ்.

கனகபுஷ்பம் அழவில்லை.
இடுப்புத் தழும்பில் கைவைத்து
"அது என்னய்யா குத்தம் செஞ்சுது" என்றாள்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு.
அங்கே ஒருத்தி வாழாமல் வந்தால்
இங்கே வாழ்கிறவளும் பெட்டி கட்ட வேண்டும்.
என் சின்ன அத்தை அப்படி வந்தவள்.
பஸ் ஏற்றிவிட வந்த புருஷன்
ஜன்னல் கம்பியை விடவே இல்லையாம்.
அன்றிரவு முழுக்க
வலது அடிவயிற்றில் கைவைத்தே படுத்திருந்தேன்.

பார்க்கப் போனோம்.
இளநீர் ஆகாது, பழம் ஆகாது,
என்ன வாங்குவது என்று தெரியாமல்
ஒரு துண்டு வாங்கிப் போனோம்.
சுலபா தேநீர் வைத்துவிட்டு, நின்றபடியே
"உங்களுக்கு எவ்வளவு?" என்றாள்.

ஒன்று புள்ளி ஒன்று.
முந்தின நாள்தான் பார்த்தது.
"ஒன்று புள்ளி ஏழு" என்றேன்.

கனகபுஷ்பம் திரும்பி என்னைப் பார்த்தாள்.
கட்டிலில் இருந்து ஷிர்கே
"தண்ணி குடிக்கிறதில்லையா நீ? நல்லா குடி" என்றார்.
நாளுக்கு முக்கால் லிட்டர்
அளந்து குடிக்கிற மனுஷன்.

அன்றிலிருந்து இரவு
அலாரம் நிற்கும்முன் போன் அடிக்கிறது.
"கோலி லியா?"
லியா, லியா என்கிறேன், வாயில் மாத்திரையோடு.
அவள் குரலில் என் பொய் தூங்காமல் இருக்கிறது.

சட்டென்று ஒன்று புள்ளி ஒன்று என்று எப்படிச் சொல்ல?
மெதுவாய் இறக்க வேண்டும்.
அடுத்த மாதம் ஒன்று ஐந்து, தீபாவளிக்குள் ஒன்று மூன்று,
சில்லறை இல்லாத நாளில்
டிக்கெட் முதுகில் எழுதிக் கொடுத்த பாக்கியை
இறங்குமுன் கொஞ்சம் கொஞ்சமாய்த் தருவதுபோல.

"முதல்ல தண்ணியக் குடி" என்கிறாள் கனகபுஷ்பம்.